வீட்டில் சுடும் பான்கேக் மெத்தென்று எழும்பி வருவதில்லை, எங்கே பிழைக்கிறது?

கோண்டாவில் மலர் எழுதியது:

வணக்கம். வீட்டில் பான்கேக் சுடுவதில் எனக்கு நெடுநாளாகத் தீராத ஒரு சிக்கல் இருப்பதால், சமையலில் கைதேர்ந்த அக்காமாரிடமும் அண்ணாமாரிடமும் விளக்கம் கேட்டு இதை எழுதுகிறேன். தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் உள்ளே வைத்துச் சுருட்டும் மெல்லிய பான்கேக்கை நான் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டில் ஒழுங்காகவே வருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பட்டர் வைத்துப் பாணி ஊற்றிச் சாப்பிடும், விரல் தடிப்பில் மெத்தென்று இருக்கும் அமெரிக்க வகையைத்தான் பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள். அதுதான் எனக்குச் சரிவருவதில்லை.

நான் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். ஒரு கப் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, பால்மாவில் கரைத்த பால் ஒரு கப் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். மா, புட்டுக்கும் இடியப்பத்துக்குமாக நாங்கள் அவித்து அரித்துப் பேணியில் போட்டு வைத்திருக்கும் மா. எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு கட்டிகூட இல்லாமல் கரையும்வரை பீற்றரால் அடித்து, காலையில் பள்ளிக்கூட அவசரம் என்பதால் முதல்நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் தாச்சியில் ஊற்றினால் மா தோசையைப்போல ஓடிப் பரவுகிறது. மேலே இரண்டொரு குமிழி வந்து உடனே மூடிக்கொள்கிறது. திருப்பிய பிறகும் உயரவில்லை. பிய்த்துப் பார்த்தால் ஓரம் உதிர்கிறது, நடுப்பகுதி களியாக விரலில் ஒட்டுகிறது. அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தபோது, மேற்புறம் கடும் மண்ணிறமாகிச் சவர்க்கார வாடை அடித்ததால் பிள்ளைகள் வாயிலேயே வைக்கவில்லை.

பேக்கிங் பவுடரைக் கூட்ட வேண்டுமா, முட்டையைக் கூட்ட வேண்டுமா, அல்லது வேறெதையாவது மாற்ற வேண்டுமா? வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்பதால், முட்டையில்லாமல் இதே மென்மையைக் கொண்டுவரும் வழி இருந்தால் அதையும் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மானிப்பாய் அடுக்களை எழுதியது:

மலர் தங்கச்சி, நீங்கள் பேக்கிங் பவுடரையும் முட்டையையும் யோசிப்பதற்கு முன்னர் மாவை மாற்றுங்கள். அவித்த மாவில் இந்தப் பான்கேக் சரியாக எழும்பாது.

கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவிப்பதே அதன் இழுபடும் குணத்தைப் போக்குவதற்காகத்தான். பச்சை மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குளூட்டன் என்ற வலையைப் பின்னுகின்றன. ரொட்டிக்குக் குழைத்த மா இழுபடுவதும், பாண் பொங்கி நிற்பதும் அந்த வலையால்தான். அவிக்கும்போது அந்தப் புரதம் வெந்துபோவதால், பிறகு எவ்வளவு நீர் விட்டுக் குழைத்தாலும் வலை உருவாவதில்லை. அவித்த மாவில் புட்டு உதிரியாக விழுவதும், இடியப்பம் உரலிலிருந்து இலகுவாகப் பிழிபடுவதும் இதனால்தான். ஆனால் பான்கேக்கில் பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயுவைப் பிடித்து வைக்க அந்த வலை ஓரளவுக்கு வேண்டும். அது இல்லாதபோது குமிழிகள் மேலே வந்து உடைந்து வெளியேறிவிடுகின்றன. உங்கள் பான்கேக்கின் ஓரம் உதிர்வதற்கும் நடுப்பகுதி களியாக நிற்பதற்கும் நான் காணும் முதற் காரணம் இதுதான். எனவே கடையில் வாங்கிய வெள்ளை மாவை, எங்கள் வீடுகளில் அமெரிக்கன் மா என்று சொல்லிப் பழகியதை, அவிக்காமல் பச்சையாகவே எடுத்து இரண்டு முறை அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள்.

வலை வேண்டும் என்று சொன்னாலும், அது அளவுக்கு மிஞ்சினால் பான்கேக் இறப்பரைப்போல இழுபடும். பச்சை மாவுக்கு மாறிய பின்னர் பீற்றரைத் தொடவே வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான். அவித்த மாவில் எவ்வளவு அடித்தாலும் கேடில்லை. பச்சை மாவை அடிக்க அடிக்க வலை இறுகிக்கொண்டே போகும். மாவை ஒரு பாத்திரத்திலும் பால், முட்டை, உருக்கிய பட்டர் ஆகியவற்றை இன்னொரு பாத்திரத்திலும் தனித்தனியே கலந்து, பிறகு ஈரமானதை உலர்ந்ததன்மேல் ஒரே தடவையில் ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். உலர்ந்த மா கண்ணுக்குத் தெரியாவிட்டால் கை எடுத்துவிடுங்கள். உழுத்தம்பருப்பு அளவில் சிறு கட்டிகள் மிதந்துகொண்டிருக்கும். தோசைமாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பிழையாகவே தோன்றும், ஆனால் கலவையைப் பத்து நிமிடம் ஆறுதலாக விட்டுவிட்டால் அந்தக் கட்டிகள் தாமே நீரை உறிஞ்சி இளகிவிடும், சுடும்போது இருந்த இடமே தெரியாது.

அளவுகளில் நான் செய்யும் மாற்றங்களையும் சொல்கிறேன். ஒரு கப் மாவுக்கு, அதாவது ஏறக்குறைய 125 கிராமுக்கு, ஒரு கப் பால் அதிகம். முக்கால் கப், 180 மில்லிலீற்றர், போதும். பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி வேண்டும். சீனியை ஒரு மேசைக்கரண்டியாகக் குறையுங்கள், ஏனெனில் சீனி கூடினால் உள்ளே வேகுமுன் மேற்புறம் கருகும். உருக்கிய பட்டர் இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். பாலையும் முட்டையையும் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு ஊற்றினால் பட்டர் திரண்டு நூல்நூலாகிவிடும் என்பதால் சற்று நேரம் வெளியே வைத்த பின்னர் சேருங்கள். கலவை அகப்பையிலிருந்து ஒழுகி ஓடாமல், கட்டியாக மெதுவாக விழுந்து, விழுந்த இடத்தில் சிறிது நேரம் மேடாக நின்று பின் அமர வேண்டும். அப்படி நின்றால் கால் கப் கலவை தாச்சியில் உள்ளங்கை அகலத்துக்குமேல் பரவாது, உயரமும் தானாகவே கிடைக்கும்.

இங்கே கிடைக்கும் மா பாணுக்கும் ரொட்டிக்கும் ஏற்றதாகச் சற்று வலுவாக இருந்தால், ஒரு கப் மாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவு கோன்பிளவர் சேர்த்து அரியுங்கள். கேக் செய்பவர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை இது. பான்கேக்குக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

திருநெல்வேலித் தம்பி எழுதியது:

அக்கா சொன்னவற்றோடு நெருப்பைப் பற்றியும் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். இரும்புத் தோசைக்கல்லில் சுடுவதாக இருந்தால் நடுப்பகுதி அதிகமாகச் சூடேறி நிற்கும். ஆகவே கல்லை மிதமான சூட்டில் ஐந்து நிமிடமாவது காயவிட்டு, தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடும் பதம் வந்த பின்னர் நெருப்பைக் குறைத்து ஊற்றுங்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் ஓரம் பொரிந்துவிடும், எனவே எண்ணெய் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்தாலே போதும். மேலே வரும் குமிழிகள் உடைந்து, உடைந்த துளைகள் மூடாமல் அப்படியே நின்று, ஓரத்தின் பளபளப்பு மங்கிய பின்னரே திருப்ப வேண்டும். அதற்கு இரண்டு முதல் மூன்று நிமிடம் செல்லும். ஒரு முறைதான் திருப்ப வேண்டும். திருப்பியதும் தட்டகப்பையால் அழுத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, ரொட்டி சுட்டுப் பழகிய கை அதைச் செய்யத்தான் பார்க்கும், ஆனால் உள்ளே இருக்கும் வாயு முழுவதும் அந்த ஓர் அழுத்தத்திலேயே போய்விடும்.

வடமராட்சி விஞ்ஞான ஆசிரியை எழுதியது:

மலர் அவர்களின் கேள்வியில் அப்பச்சோடா பற்றிய பகுதி இன்னும் விளக்கப்படாமல் இருப்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் சோடியம் இருகாபனேற்று என்று படிக்கும் பொருள்தான் அப்பச்சோடா. அது ஓர் அமிலத்தோடு சேர்ந்தால்தான் காபனீரொட்சைட்டு வாயுவை முழுமையாக வெளியிடும். பால், மா, முட்டை, சீனி ஆகியவற்றில் அதற்குப் போதிய அமிலம் இல்லை. அமிலம் கிடைக்காத சோடா வெப்பத்தில் சிதைந்து ஓரளவு வாயுவைத் தந்தாலும், பின்னால் சோடியம் காபனேற்றை விட்டுச் செல்கிறது. நீங்கள் உணர்ந்த சவர்க்கார வாடை அதனால் வந்தது. கலவை காரத்தன்மை அடையும்போது மேற்புறம் விரைவாகச் சிவந்து கடும் மண்ணிறமாகும் என்பதால் நிறமும் மாறியிருக்கிறது. பாலுக்குப் பதிலாகப் புளித்த மோரையோ தயிரையோ சேர்க்கும் நாளில் மட்டும் சோடாவுக்கு வேலை உண்டு. ஒரு கப் மோருக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. மோர் இல்லாவிட்டால் ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் அது திரைந்து அதே பயனைத் தரும்.

பேக்கிங் பவுடர் என்பது அதே சோடாவோடு உலர்ந்த அமில உப்பும், ஈரத்தை உறிஞ்சிவைக்க மாப்பொருளும் கலந்த தூள். அதில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே சோடா இருப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே அளவில் போடக்கூடாது. இன்று கடைகளில் கிடைக்கும் பவுடர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டமாக வேலை செய்பவை: ஈரம் பட்டவுடன் ஒரு பகுதி வாயு வெளிவரும், மிகுதி தாச்சியின் சூட்டில் வெளிவரும். முதற்பகுதி வாயுவைக் காப்பாற்றுவதற்காகத்தான் கலவையைப் பத்து நிமிடத்துக்குமேல் அதிகம் காத்திருக்க விடாமல் சுடச் சொல்கிறோம். இரவு முழுவதும் பிரிட்ஜில் இருந்த கலவையில் அந்த வாயு அனேகமாக முழுவதும் வெளியேறிவிடும், குளிரில் வேகம் குறைந்தாலும் நிற்பதில்லை. காலை அவசரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், இரவே உலர்ந்த பொருட்களை அரித்து மூடி போட்ட பேணியிலும், ஈரமானவற்றைத் தனிப் பாத்திரத்தில் பிரிட்ஜிலும் வைத்துவிட்டு, காலையில் கல் காயும் நேரத்துக்குள் இரண்டையும் கலந்துகொள்ளலாம்.

பவுடரின் உயிரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் சிறு சரையாகவோ பொலித்தீன் பையில் நிறுத்தோ வாங்குவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றின் ஈரமே அதன் வேலையை அரைவாசி முடித்துவிடும். கால் கப் கொதிநீரில் அரைத் தேக்கரண்டி பவுடரைப் போட்டால் உடனே சீறி நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக இரண்டு குமிழி மட்டும் வந்தால் அதை எறிந்துவிடுங்கள். சோடாவைச் சோதிக்கக் கொதிநீர் உதவாது, சில துளி தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்க்க வேண்டும்.

நல்லூரடியான் எழுதியது:

முட்டையில்லாத முறையை நான் எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் எங்கள் வீட்டில் முட்டை அடுக்களைக்குள் வருவதில்லை, ஆனால் பிள்ளைகளின் பான்கேக் ஆசை அந்த நாட்களிலும் குறைவதில்லை. முட்டை இரண்டு வேலைகளைச் செய்கிறது: வெந்ததும் இறுகிப் பான்கேக்கைத் தாங்கி நிற்கிறது, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. அந்த இரண்டையும் ஓரளவுக்குத் தயிரால் ஈடுசெய்யலாம். ஒரு கப் பச்சை மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு மேசைக்கரண்டி சீனி, உப்பு ஆகியவற்றை அரித்துக்கொள்ளுங்கள். அரைக் கப் கட்டித் தயிரை அரைக் கப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, உருக்கிய பட்டரோ தேங்காய் எண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி விட்டு, மாவில் ஊற்றிப் புரட்டியவுடன் சுட வேண்டும். தயிரும் சோடாவும் சேர்ந்த கணத்திலிருந்தே வாயு வெளியேறத் தொடங்குவதால், இந்தக் கலவையை ஆசிரியை சொன்ன பத்து நிமிடத்துக்குக்கூட வைக்காமல், ஐந்து நிமிடத்துக்குள் கல்லில் ஊற்றிவிடுவது நல்லது.

பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் சேர்க்கலாமா என்று பலரும் கேட்பார்கள். முதற்பாலைச் சேர்த்தால் அதிலுள்ள கொழுப்பால் பான்கேக் பாரமாகிவிடுகிறது. இரண்டாம் பாலைச் சேர்த்தால் மணமும் நிற்கும், மென்மையும் கெடாது. அப்போது பட்டரை ஒரு மேசைக்கரண்டியாகக் குறையுங்கள். முட்டையுள்ளதைப்போல அதே உயரம் வரும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மென்மையில் குறை காணமுடியாது. பேக்கிங் பவுடர் என்ற பொருளே முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்காக உருவானது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பர்மிங்காமில் மருந்துக்கடை நடத்திய அல்பிரட் பேர்ட், தன் மனைவி சாப்பிடக்கூடிய பாண் வேண்டும் என்பதற்காக 1843ஆம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். முட்டையைத் தவிர்ப்பவர்கள் இதை மனக்குறையோடு செய்யத் தேவையில்லை.

மேலே ஊற்றுவதற்குப் பனங்கட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய பாணியைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். வெளிநாட்டிலிருந்து வரும் மேப்பிள் பாணிக்கு ஆகும் செலவில் ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கிவிட்டு மிச்சக் காசோடு வீட்டுக்கு வரலாம்.

கோண்டாவில் மலர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சை மாவில், மரக்கரண்டியால் மட்டும் கலந்து, அக்கா எழுதிய அளவிலேயே சுட்டேன். ஓரம் வட்டமாக நின்று, திருப்பியதும் கண்முன்னாலேயே உயர்ந்து வந்தது. பிய்த்துப் பார்த்தபோது உள்ளே சிறு சிறு துளைகள் நிறைந்திருந்தன, விரலில் ஒட்டவுமில்லை. கொதிநீர் விட்டுச் சோதித்தபோது பழைய பவுடர் அசையவே இல்லை, எனவே மூடியிட்ட பேணியில் புதிதாக வாங்கிக்கொண்டேன்.

இரண்டு விடயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எல்லோருக்கும் சுட்டு முடிப்பதற்குள் முதலில் சுட்டவை வியர்த்து அமர்ந்துவிடுகின்றன. அதற்கு என்ன செய்யலாம்? மாமிக்குச் சீனி வருத்தம் இருப்பதால் குரக்கன் மா கலக்க விரும்புகிறேன். எவ்வளவு கலந்தால் மென்மை கெடாது?

மானிப்பாய் அடுக்களை எழுதியது:

நல்ல செய்தி, தங்கச்சி. சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கி மூடும்போதுதான் அவை வியர்க்கின்றன. ஆவி வெளியேற வழியில்லாமல் அடியிலுள்ளது நனைந்து அமர்ந்துவிடுகிறது. கம்பித் தட்டு இருந்தால் அதில் தனித்தனியே பரப்பி, மெல்லிய துணியால் மூடுங்கள். இல்லாவிட்டால் கழுவிக் காயவைத்த சுளகின்மேல் துணி விரித்துப் பரப்பலாம், அடியிலும் காற்று போகும். அடுக்குவதைப் பரிமாறும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறிவிட்டால் மீண்டும் சூடாக்க, நெருப்பை மிகக் குறைத்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் வைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம்.

குரக்கனில் குளூட்டன் கிடையாது என்பதால், நாலிலொரு பங்குக்கு மேல் போனால் நீங்கள் இப்போதுதான் விட்டுவந்த உதிர்கிற பான்கேக்குக்கே திரும்பிப் போவீர்கள். முக்கால் கப் கோதுமை மாவோடு கால் கப் குரக்கன் மாவை இரண்டு முறை சேர்த்து அரித்து, முட்டையை விடாமல் சேர்த்துச் செய்யுங்கள். ஒடியல் மாவையும் சிலர் கலக்கிறார்கள், அதன் மெல்லிய கசப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பதால் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குரக்கன் கலந்தாலும் முக்கால் பங்கு வெள்ளை மா அப்படியே இருக்கிறது, அதனால் மாமிக்கு உகந்த அளவை வைத்தியரிடம் கேட்டு, பாணியில்லாமல் வாழைப்பழத் துண்டு இரண்டோடு கொடுங்கள். குரக்கன் மா நீரை மெதுவாகவே உறிஞ்சும், ஆகவே அதைச் சேர்க்கும் நாளில் பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டி, பேக்கிங் பவுடர் இல்லாமல் மாவையும் பாலையும் முட்டையையும் கலந்து கால் மணித்தியாலம் ஊறவிட்டு, கல் காய்ந்த பிறகு பவுடரைத் தூவி நாலைந்து முறை மட்டும் புரட்டிச் சுடுங்கள்.